இருமத் தேடலில் புதியவர்கள் இடறும் இடங்கள்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் சனிக்கிழமைதோறும் என்னிடம் நிரல் எழுதக் கற்க வரும் கல்லூரி மாணவர்கள், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் இடறி விழுந்த அதே கல்லில் ஒருவர்பின் ஒருவராக இடறுவதைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். அரைப்புள்ளி விடுபடுவது, அடைப்புக்குறியை மூட மறப்பது போன்றவற்றைக் கணினியே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த வரிசை என்று கேளாமலே தேடுவது

பைனரி சர்ச் எனப்படும் இருமத் தேடலின் கருத்து எளியது. வரிசைப்படுத்திய பட்டியலின் நடுப்பெயரைப் பார்த்து, நாம் தேடுவது அதற்கு முன்னா பின்னா என்று தீர்மானித்து, தேவையற்ற பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆயிரம் பெயர்களுக்குப் பத்து ஒப்பீடுகளும், பத்து லட்சம் பெயர்களுக்கு இருபது ஒப்பீடுகளும் போதும். இந்தக் கணக்கில் மயங்கித்தான் நானும் கெட்டேன்.

எல்லையோரப் பால் சங்கம் ஒன்றுக்கு, ஏறத்தாழ 600 உறுப்பினர்களின் பெயர்களில் தேடும் நிரலை எழுதிக் கொடுத்தேன். பட்டியலைச் செயலர் தமிழ் அகராதி முறையில் தட்டச்சு செய்து தந்திருந்தார். அது ஒழுங்காகவே இருப்பதை நானும் பார்த்துக்கொண்டேன். ஆனால் என் நிரல் எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்களைக் (கணினிக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவாக வகுத்த எண்களை) கொண்டு ஒப்பிட்டது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி அடுக்கைப் பின்பற்றியது. அதில் ச-வுக்கு அடுத்து ஜ-வும், ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும் நிற்கின்றன. நம் அகராதியிலோ ற, ன இரண்டும் கடைசி. ஜ அவற்றுக்கும் பின். ஆகவே, செயலர் பட்டியலின் வாலில் வைத்த ஜெயராமனை என் நிரல் முன்பாதியில் தேடிவிட்டு, அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்றது. கமலத்தைத் தொட்டுச் செல்லும் தேடலில், அவருக்குப் பின்னால் இருந்த கன்னியம்மாளும் தொலைந்தார்.

பெரும்பாலான பெயர்களை அந்த நிரல் சரியாகவே கண்டுபிடித்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எல்லாமே தவறியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். காலையில் பால் அளக்கும் அவசரத்தில், "இல்லை" என்று வந்தவர்களை எழுத்தர் புதிய உறுப்பினர்களாகப் பதிந்துகொண்டே போனார். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்குகள் உண்டாயின. ஓணத்துக்கு முன் ஊக்கத்தொகையைக் கணக்கிடும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நான்கு இரவுகள் பழைய சீட்டுகளை வைத்துக்கொண்டு கையால் கூட்டினேன். அதற்குக் கூலி கேட்கும் முகம் எனக்கு இல்லை.

இத்தனைக்கும், 600 பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது கணினிக்கு இமைப்பொழுது வேலை. இருமத் தேடலே அங்கு தேவைப்படவில்லை. தேவைப்படும் இடத்தில், பட்டியலை அடுக்கிய விதியும் தேடும்போது ஒப்பிடும் விதியும் ஒன்றாக இருக்க வேண்டும். மனிதர் அடுக்கித் தந்ததை நம்பாமல், அதே ஒப்பீட்டைக் கொண்டு நிரலே மறுபடி அடுக்கட்டும். அகராதி வரிசையை அச்சுப் படிக்கு மட்டும் தனியே உருவாக்கலாம்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றென்று கொள்வது

"கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பீட்டில் தெரியும். இத்தகைய மாற்று வடிவங்களை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். மலையாளப் பதிவேட்டில் அது போதாது: உயிரொலி சேராமல் நிற்கும் மெய்களைக் குறிக்கும் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோட் 5.1 தனிக் குறியீடுகள் அளித்தது. பழைய முறையில் உள்ளிட்டவற்றை இயல்பாக்கம் புதியவற்றோடு இணைக்காது. அந்த மாற்றத்தை நீங்களே எழுத வேண்டும்.

ரூபாயைத் தசம எண்ணில் வைப்பது

தசமப் பகுதியைக் கணினி பல வேளைகளில் தோராயமாகவே வைத்துக்கொள்ளும். பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்.

நூலகத்தில் இருப்பது பிழையற்றது என்று நம்புவது

இருமத் தேடலைக் கணினி முன்னோடி ஜான் மாக்லி 1946-லேயே விளக்கிவிட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2006-இல், ஜாவா நிரல்மொழியின் சொந்த நூலகத்தில் (அதனுடன் வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) இருந்த இருமத் தேடலில் பிழை இருப்பதை, அந்த நூலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாஷுவா பிளாக் வெளியிட்டார். நடுவிடத்தைக் காண, தேடும் பகுதியின் இரு எல்லை எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, கூட்டுத்தொகை அங்கு முழு எண்ணுக்கு உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடுகிறது. கீழெல்லையுடன் இடைவெளியின் பாதியைக் கூட்டினால் இது நேராது. என் மாணவர்கள் இணையத்திலிருந்து எடுத்து வரும் நிரல்களில் அந்தப் பழைய வரி இன்னமும் அப்படியே இருக்கிறது.