சைனஸில் ஆக்சிஜன் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கன்னத்தின் வழியாக லேசர் ஒளியைச் செலுத்தி, சைனஸில், அதாவது முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், ஆக்சிஜனை அளப்பது எங்கள் வேலை. போன வாரம் வாளையார் பக்கத்திலுள்ள எங்கள் லேபில், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் "சார், சிக்னல் வந்துடுச்சு!" என்று ஓடி வந்தார்கள். திரையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நான் துள்ளிக் குதித்த அதே வளைவு. லேசர் கண்ணாடி போடு, லென்ஸைத் துடை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நடுவில் நிற்கும் காற்று

2001-ல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஸ்வான்பெர்க்கின் குழு கொண்டுவந்த முறை இது. சதையும் எலும்பும் ஒளியை உறிஞ்சுவது அகலமாகப் பரந்து கிடக்கும்; வாயு உறிஞ்சும் அலைநீளக் கோடு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு ஒல்லி. 760 நானோமீட்டர் பக்கம் லேசரின் அலைநீளத்தை மெல்ல நகர்த்தினால் ஆக்சிஜன் மாட்டிக்கொள்ளும். ஆனால் அது எங்கே இருக்கிற ஆக்சிஜன் என்று கோட்டுக்குத் தெரியாது.

சைனஸ் தரும் சிக்னல் சில சென்டிமீட்டர் அறைக்காற்றுக்குத்தான் சமம். லேசருக்கும் ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர், ஒளியைப் பிடிக்கும் டிடெக்டருக்கும் தோலுக்கும் நடுவில் இன்னொன்று என்று விட்டால் கணக்கே நாறிவிடும்.

நாங்கள் அப்படித்தான் நண்பன் கன்னத்தை மூன்று வாரம் அளந்தோம். கிராஃப் அவ்வளவு அழகு! கரண்ட் வேலை பார்க்க வந்த சேட்டன்தான் சும்மா கேட்டார்: "கையை வெச்சா என்ன காட்டும்?" உள்ளங்கையை வைத்தோம். சதைக்குள் காற்றறை கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்டிய ஆக்சிஜன் இந்த ஒல்லிக் கோட்டைத் தராது. ஆனாலும் அதே கோடு வந்தது. மூன்று வாரம் லேபின் காற்றைத்தான் அளந்திருக்கிறோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இடைவெளிகளை நைட்ரஜனால் நிரப்புங்கள். சிலிண்டர் கோவையிலிருந்து வர வேண்டும், செலவுதான். அப்புறம், வாயுவே இல்லாத கெட்டி பிளாஸ்டிக் கட்டையை வைத்துத் தினமும் காலையில் ஒருமுறை அளந்து, மிச்சம் வருவதைக் கழியுங்கள். போன மாதம் எடுத்த அளவு உதவாது, குழாய் கசியும்.

இடவப்பாதி ஈரம்

ஒளி வாயுவுக்குள் எவ்வளவு தூரம் போனது என்று அறிய, 937 நானோமீட்டர் பக்கம் நீராவியையும் அளப்போம். உடம்புக்குள் 37 டிகிரியில் நீராவி ஏறக்குறைய 6 சதவீதம்; அளவு முன்பே தெரிவதால் சிக்னலிலிருந்து தூரம் கிடைத்துவிடும். ஆனால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் அறைக்காற்றிலேயே அதில் பாதி இருக்கும். அதே நைட்ரஜன்தான் இதற்கும் மருந்து.

லேசரை அதிகம் குளிரவைப்பது

இந்த ஊரில் வேண்டாம். ஈரக்காற்று பட்டு லேசர் மேல் நீர் வியர்த்துவிடும்.

கண்ணாடிப் பரப்புகளில் எழும் அலை

ஒளி இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே முன்னும் பின்னும் எதிரொளித்து, கோட்டை மறைக்கும் அலையைத் திரையில் காட்டும். கண்ணாடிகளைச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

அந்த இரண்டு பேரும் இப்போது உள்ளங்கையை வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். கோடு இன்னும் போகவில்லை.