ஐஹெச்ஆர்ஏ வரையறையை வச்சு சண்டை போடுறதுக்கு முன்னாடி

யூத வெறுப்புன்னா எதுன்னு ஆன்லைன்ல வாக்குவாதம் வந்தா ரெண்டு பக்கமும் ஐஹெச்ஆர்ஏ (IHRA, சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி) எழுதி வச்ச வரையறையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க, ஆனா அதைப் படிச்ச ஆளைத் தேடணும், இத்தனைக்கும் ரொம்பச் சின்ன டாகுமெண்ட்தான்.

பெரிய தப்பு, அதை ஐநா போட்ட சட்டம்னு நினைக்கறது. ஐநா பண்ணது வேற. நாஜிகளோட ஆஷ்விட்ஸ் கொலை முகாமை சோவியத் படை மீட்ட ஜனவரி 27ஐ ஹோலோகாஸ்ட் (நாஜிகள் பண்ண யூதப் படுகொலை) நினைவு நாளா 2005ல பொதுச்சபை அறிவிச்சுது. ஐஹெச்ஆர்ஏங்கறது 1998ல ஸ்வீடன் பிரதமர் யோரான் பெர்ஷான் முயற்சியில ஆரம்பிச்ச, பல அரசுகள் சேர்ந்த அமைப்பு. அவங்க 2016 மே மாசம் புகாரெஸ்ட்ல ஏத்துக்கிட்ட வரையறையிலயே இது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு போட்டிருக்கு.

அடுத்தது, இஸ்ரேலை விமர்சிச்சாலே யூத வெறுப்புன்னு அதுல இருக்குன்னு அடிச்சு விடுறது. அப்படி இல்லைங்க. மத்த நாட்டை விமர்சிக்கற மாதிரி இஸ்ரேலை விமர்சிச்சா அது யூத வெறுப்பு ஆகாதுன்னு தெளிவா இருக்கு, இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்ற இயக்கம் பத்தி ஒரு வார்த்தை கூட கிடையாது. அதுக்காக எதிர்க்கறவங்க சும்மா கத்துறாங்கன்னும் சொல்லிட முடியாது, ஏன்னா யூத வெறுப்புக்கு அதுல குடுத்திருக்கற 11 உதாரணத்துல 7 இஸ்ரேல் சம்பந்தப்பட்டது, இடம் பொருள் பாத்துதான் முடிவு பண்ணணும்னு எழுதியிருக்கறதை வசதியா விட்டுட்டு உதாரணத்தை மட்டும் காட்டி வாயை அடைக்கறது நடக்குது. இந்த வரையறைக்கு அடிப்படையான வரைவை எழுதுனதுல முக்கியமான ஆளு கென்னத் ஸ்டெர்ன், அவரே இதை யூனிவர்சிட்டியில பேச்சுரிமையை அடக்க யூஸ் பண்ணாதீங்கன்னு எதிர்த்தாரு.

2021ல வந்த ஜெருசலேம் பிரகடனம் இதுக்கு மாற்றா அறிஞர்கள் எழுதுனது, இஸ்ரேலைப் புறக்கணிச்சாலே யூத வெறுப்பு ஆகிடாதுங்குது, உடனே அதுல எல்லாத்துக்கும் லைசென்ஸ் இருக்குன்னு கிளம்பாதீங்க.

நடுவுல ஒண்ணு, ஆஷ்விட்ஸை "போலந்து முகாம்"னு எழுதாதீங்க, போலந்தை ஆக்கிரமிச்சு அதைக் கட்டுனது நாஜி ஜெர்மனி. நாஜிகள் கொன்ன ரோமா மக்களையும் (ஜிப்ஸின்னு சொல்லப்பட்ட ஐரோப்பியச் சிறுபான்மையினர்) விட்டுடாதீங்க, 1944 ஆகஸ்ட் 2 ராத்திரி ஆஷ்விட்ஸ்ல மட்டும் ஆயிரக்கணக்குல கொன்னாங்க.

நினைவு நாள் போஸ்டுக்குக் கீழ போய் "காசாவுக்கு பதில் சொல்லுங்கடா"ன்னு கமெண்ட் போடுறவங்களுக்கு: ஒரு அரசு பண்றதுக்கு யூதர்கள் எல்லாரையும் பொறுப்பாக்குறது யூத வெறுப்புதான்னு ரெண்டு டாகுமெண்டும் ஒரே மாதிரி சொல்லுது.