அமால்ஃபி கடற்கரைக்குத் தனிப் படகில் போகிறீர்களா?

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையைக் கடலிலிருந்து பார்ப்பதுதான் அழகு. அங்குள்ள பொசிட்டானோ என்ற ஊரின் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுவது தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். கோடையில் அந்த ஒடுங்கிய மலைச்சாலையின் நெரிசலிலிருந்தும் தப்பித்துவிடலாம்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் சின்னப் படகு நன்றாகவே குலுங்கும். சுமார் 40 குதிரைத்திறன் வரையுள்ள சிறு படகுக்கு அங்கே லைசென்ஸ் வேண்டாம். 18 வயது ஆனவர்கள் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டலாம். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் படகோட்டியோடு போவதே நல்லது. எங்கே பாறை, எங்கே இறங்கி நீந்தலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. எரிபொருள் செலவு வாடகையில் சேர்ந்ததா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், காப்ரி தீவு வரை போவதாக இருந்தால் ஒன்று: அங்கே தண்ணீர் நீலமாக ஒளிரும் கடற்குகையான நீலக் குகைக்குள் உங்கள் படகு போகாது. குகையின் வாய் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். வெளியே துடுப்புப் படகுக்கு மாறி, தனிக் கட்டணம் கட்டி, மல்லாந்து படுத்தபடிதான் நுழைய வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அதனால் அன்று குகை திறந்திருக்கிறதா என்று படகோட்டியிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.