டீசல் டிரக்கில் கேம்பரை இழுத்து மலை ஏறுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலராடோவில் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,000 அடி உயரத்தைத் தாண்டுகிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்தார்ன் ஊர் வரை ஏறக்குறைய 8 மைலுக்குள் 2,000 அடிக்கு மேல் இறக்கம். சில இடங்களில் சரிவு 7 சதவீதம், அதாவது 100 அடி நகர்ந்தால் 7 அடி இறங்கியிருப்பீர்கள். காரில் போகிறவருக்கு இது அழகான மலைப்பாதை. பிக்கப் டிரக்கின் பின்னால் 14,000 பவுண்டு கேம்பரை, அதாவது சக்கரம் வைத்த பயண வீட்டை, இழுத்துக்கொண்டு வருபவருக்கு அப்படி இல்லை.

புதிதாகக் கேம்பர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, என் டிரக் இந்த மலையை ஏறுமா?" என்பதுதான். ஏறும். இன்றைய பெரிய டீசல் இஞ்சின்கள் எதுவானாலும் ஏறிவிடும். எனக்குக் கவலையே அங்கேதான். திணறாமல் இழுக்கும் இஞ்சின் பாரம் கூடிப்போனதையும் காட்டாது, சூடு ஏறுவதையும் காட்டாது, இறக்கத்தில் என்ன காத்திருக்கிறது என்பதையும் காட்டாது.

முதல் தவறு வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. விளம்பரத்தில் 'இழுக்கும் திறன் 18,000 பவுண்டு' என்று இருப்பதைப் பார்த்து, 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் கேம்பரை (டிரக்கின் பின்தட்டிலேயே முன்பகுதி உட்காரும் வகை) வாங்கிவிடுகிறோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து டிரக்கின் மேல் எத்தனை பவுண்டு ஏறலாம் என்று அதில் போட்டிருக்கும். இதுதான் பேலோடு. நீங்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான். மாடல் பெயரில் 2500, 250 என்று வரும் டீசல் டிரக்குகளில் இஞ்சினே கனம் என்பதால் இந்த எண் பல நேரம் 2,000 பவுண்டை ஒட்டியே நிற்கும். ஃபிஃப்த் வீல் கேம்பர் தன் எடையில் சுமார் 20 சதவீதத்தை டிரக்கின் முதுகில் இறக்கும். 14,000 பவுண்டுக்கு அது 2,800. ஹிட்ச் எனும் இணைப்புக் கருவி, நான்கு பேர் கொண்ட குடும்பம், பெட்டி படுக்கை எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இழுக்க முடிகிற வண்டியால் சுமக்க முடியாமல் போவது இப்படித்தான். இந்தக் கனத்துக்கு அதற்கு அடுத்த பெரிய வகையான 3500 அல்லது 350தான் சரி என்பது என் கருத்து.

கணக்கு மட்டும் போதாது, எடை போட்டும் பாருங்கள். பெரிய டிரக் ஸ்டாப்புகளில் லாரிகளுக்கான எடை மேடை இருக்கும். குடும்பத்தோடு, சாமான்களோடு, பயணம் போகிற நிலையிலேயே ஏற்றி, ஒவ்வொரு அச்சின் எடையையும் அதற்கு அனுமதித்த அளவோடு ஒப்பிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை மறக்க வேண்டாம். 60 காலன் தண்ணீர் 500 பவுண்டு. முகாமில் தண்ணீர் கிடைக்கும் என்றால் அதை ஏன் மலைமேல் சுமக்க வேண்டும்? பின்பக்கம் பந்து ஹிட்சில் மாட்டும் கேம்பர் என்றால் அதன் முனை எடை, அதாவது ஹிட்சின் மேல் அது அழுத்தும் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கேம்பர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், டிரக் பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, கேம்பரின் பிரேக்கை மட்டும், ஓட்டுநர் அருகில் இருக்கும் பிரேக் கண்ட்ரோலரின் கை நெம்புகோலால் பிடியுங்கள்.

சரி, ஏற்றத்துக்கு வருவோம். டிரக்கும் கேம்பரும் சேர்ந்து 24,000 பவுண்டு என்று வையுங்கள். 7 சதவீத ஏற்றத்தை மணிக்கு 45 மைலில் ஏற, மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 200 குதிரைத்திறன் வேண்டும். 65 மைலில் ஏற 290. காற்றின் எதிர்ப்பு இதில் சேரவில்லை. இஞ்சினிடம் அந்தத் திறன் இருக்கிறது. ஆனால் திறன் எவ்வளவு செலவாகிறதோ அதற்கேற்ற சூட்டை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். 11,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். டர்போ கூடுதலாகச் சுழன்று இஞ்சினுக்கு வேண்டிய காற்றைப் பிடித்துக் கொடுத்துவிடும். ரேடியேட்டருக்கு அப்படிப் பிடித்துக் கொடுக்க யாரும் இல்லை.

அதனால் சமவெளி வேகத்திலேயே மலையும் ஏற வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். வலது லேன், 40 அல்லது 45 மைல், ஹசார்டு விளக்கு. பின்னால் வருகிறவர் முந்திப் போகட்டும்.

வேகத்தைக் குறைத்தவர்களில் பாதிப் பேர் இன்னொரு இடத்தில் தவறுகிறார்கள். டீசல் 1,500 ஆர்.பி.எம்.மிலும் நன்றாக இழுக்கும். சத்தம் குறைவு, டீசலும் மிச்சமாகும் என்று உயர் கியரிலேயே முக்க விடுகிறார்கள். தாழ்ந்த சுற்றில் ஒவ்வொரு வீச்சிலும் எரிபொருள் அதிகமாகப் போகிறது, காற்று போதாமல் புகைபோக்கி வாயுவின் சூடு எகிறுகிறது. தண்ணீர் பம்பும் விசிறியும் இஞ்சின் வேகத்தோடுதான் சுற்றுகின்றன என்பதால், குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவையும் மெதுவாகச் சுற்றும். பாரம் இழுப்பதற்கென்றே இருக்கும் டோ/ஹால் பொத்தானை அழுத்துங்கள், ஒரு கியர் இறக்குங்கள், 2,000 முதல் 2,500 சுற்றில் ஓட விடுங்கள். சத்தம் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். நடுவில் ஜெட் விமானம் மாதிரி ஓர் இரைச்சல் திடீரென்று கிளம்பினால், விசிறி முழு வேகத்தில் பிடித்துக்கொண்டது என்று பொருள். அது நல்ல சத்தம். புகைபோக்கிச் சூட்டுக்கு மீட்டர் வைத்திருப்பவர்கள் 1,250, 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் கால் அழுத்தத்தைக் குறைப்பது வழக்கம். மீட்டர் இல்லாதவர்கள் தண்ணீர்ச் சூட்டையும் கியர்பாக்ஸ் சூட்டையும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

சூடு சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள், இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். ஒதுங்கி நின்றாலும் இஞ்சினை உடனே அணைக்காதீர்கள், நியூட்ரலில் கொஞ்சம் கூடுதல் சுற்றில் ஓட விடுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. சூடு ஏறாவிட்டாலும், உச்சிக்குப் போய் நின்றதும் இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு அணைத்தால் டர்போவுக்கு நல்லது.

இனி இறக்கம். மேலே போட்ட அந்த 200 குதிரைத்திறன் கணக்கை இங்கே திருப்பிப் போடுங்கள். 45 மைலில் இறங்கும்போது கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றலை ஏதோ ஒன்று உறிஞ்சியாக வேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டினால், சில நிமிடங்களில் பிடிமானம் போய்விடும்.

நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள்: ஏறின கியரிலேயே இறங்கு. தகரடப்பாவாகக் குலுங்கும் பழைய லாரிக்கு அது பொருந்தியது. இன்றைய டிரக் மேல் கியரிலேயே ஏறிவிடுவதால், இறங்க அதைவிடக் கீழ் கியர் வேண்டியிருக்கும். டீசலுக்குப் பெட்ரோல் இஞ்சின் மாதிரி இயல்பான இஞ்சின் பிரேக் கிடையாது. அதற்காகத்தான் எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை வெளியேறும் வழியை அடைத்து இஞ்சினை மெதுவாக்கும் பிரேக். உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே அதைப் போட்டு, கியரை இறக்கி, வேகத்தை 40க்குக் கொண்டுவந்துவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு கியர் இறக்க நினைத்தால் கியர்பாக்ஸ் கேட்காது. பனிக்கட்டி படர்ந்த சாலையில் மட்டும் எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டாம், பின்சக்கரம் வழுக்கும்.

அதற்கு மேலும் வேகம் ஏறினால், காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே இறங்குவதுதான் எல்லாரும் செய்வது. அது தவறு. 40 உங்கள் எல்லை என்றால், 40 தொட்டதும் உறுதியாக மிதித்து 35க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வரும்போது மறுபடி. இடைவெளியில் பிரேக் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

என் முதல் ஆண்டில் இதே இறக்கத்தில் பாதி தூரம் வந்தபோது கருகிய நெடி அடித்தது. முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன். பெடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போனபோதுதான் என் வண்டி என்று தெரிந்தது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திப் பார்த்தால், டிரக்கிலிருந்து கேம்பரின் பிரேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஏழு முனை பிளக் பாதி கழன்று தொங்கியது. கேம்பர் பிரேக்கே பிடிக்காமல் அத்தனை பாரத்தையும் டிரக் பிரேக் மட்டும் தாங்கியிருக்கிறது. டாஷ்போர்டில் எச்சரிக்கை வந்திருக்கிறது, நான் சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை மாட்டியதும் 20 மைல் வேகத்தில் பிரேக் கண்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் அழுத்திப் பார்க்கிறேன். பின்னாலிருந்து கேம்பர் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கிளம்புவதில்லை.

பிரேக் போயே போய்விட்டால் சாலையோரச் சரளைக்கல் நிரப்பிய, தப்பிப்பதற்கான வழிகள் இருக்கின்றன. அவை லாரிகளுக்கு மட்டும் அல்ல. வண்டி சேதமாகும், செலவாகும், அதற்காகத் தயங்க வேண்டாம். 2019 ஏப்ரலில் டென்வருக்கு அருகே லேக்வுட்டில், பிரேக் இழந்த ஒரு லாரி அப்படிப்பட்ட வழியைக் கடந்து வந்து நெரிசலில் மோதியதில் 4 பேர் இறந்தார்கள்.

டயரைப் பற்றி ஒன்று மட்டும். கேம்பர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கு மட்டுமே ஆனவை. பக்கச்சுவரில் பார்த்துக்கொள்ளுங்கள், காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

கீழே சில்வர்தார்ன் வந்ததும் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் கேம்பரின் சக்கர மையங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பிரேக் ஒட்டியிருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் நிம்மதி அடையாதீர்கள். அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. மேற்கே அடுத்து வருவது 10,600 அடி உயர வெய்ல் கணவாய். அதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.