பெயரை வைத்து உரோமக் குடிமகனை இனங்காண்பது எப்படி

உயர்தரத்துக்கு உரோம வரலாறு படிக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் குடியுரிமை என்றதும் வாக்குரிமை, சொத்துரிமை, திருமண உரிமை, மேன்முறையீடு என்று பாடமாக்கி வைத்திருப்பார்கள். ஒரு கல்வெட்டைக் காட்டி "இவர் குடிமகனா?" என்று கேட்டால் பேனை நின்றுவிடும். விடை பெயரிலேயே இருக்கிறது. கச்சேரிப் (அரச அலுவலகப்) படிவத்தில் நாங்கள் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பும் விபரத்தை உரோமர் பெயருக்குள்ளேயே வைத்து எழுதினார்கள்.

உரோமப் பேச்சாளர் சிசரோவை எடுங்கள்: மார்க்குஸ் துல்லியுஸ், மார்க்குஸின் மகன், கொர்னேலியா, சிசரோ. மார்க்குஸ் முதற்பெயர், கல்லில் 'எம்' (M) மட்டுமே இருக்கும். துல்லியுஸ் குலப்பெயர். கொர்னேலியா அவர் வாக்களித்த பிரிவு. கி.மு. 241 முதல் இப்படி 35 பிரிவுகள் இருந்தன. இதையும் சுருக்கியே பொறிப்பார்கள் என்பதால், பலர் இன்னொரு பெயரென்று வாசித்துப் பிழைவிடுகிறார்கள். பிரிவுப் பெயர் இருந்தால் அவர் குடிமகன் என்று துணிந்து எழுதலாம்.

அடுத்து, குலப்பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கத்தின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எஃப்' (F) என்றால் மகன். 'எல்' (L) என்றால் விடுதலை பெற்ற அடிமை. எஜமானின் முதற்பெயரையும் குலப்பெயரையும் அவர் சூடிக்கொள்வார். முறைப்படி விடுதலையானவர் குடிமகன்தான், ஆனால் அரச பதவிக்குப் போட்டியிட முடியாது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்வெட்டை நின்று வாசித்தவர்களுக்குத் தேய்ந்த எழுத்து எப்படி ஏமாற்றும் என்று தெரியும். ஆகவே, கல்வெட்டின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த படத்தையே தேடி எடுங்கள்.

எங்கள் தீவோடு தொடர்புள்ள ஒரு பெயரில் பழகிப் பாருங்கள். அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவர் விடுதலை செய்த ஒருவர் காற்றில் அள்ளுண்டு இலங்கையில் கரைசேர்ந்ததாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறையொன்றில், கி.பி. 6இல் கீறிய வரி 'லீசாஸ், புப்லியுஸ் அன்னியுஸ் புளோகாமுஸினுடையவன்' என்கிறது. அவனுக்கென்று குலப்பெயர் இல்லை, 'எல்' இல்லை, எஜமானின் பெயர் வேற்றுமை உருபோடு நிற்கிறது. ஆகவே அப்போது அவன் அடிமை. விடுதலையாகியிருந்தால் 'புப்லியுஸ் அன்னியுஸ் லீசாஸ்' என்று எழுதியிருப்பான்.

குலப்பெயர், குடியுரிமை எந்தப் பேரரசர் காலத்தில் வந்தது என்றும் காட்டும். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் பெரும்பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்கியதாகச் சொல்லும் சேனாபதி கிலவுதியு லீசியா. கிலவுதியு, பேரரசர் கிளாவுதியுஸின் குலப்பெயர்; லீசியா அவருடைய பழைய கிரேக்கப் பெயர். அதே நூலில் வரும் அப்போஸ்தலர் பவுல், அவரைப்போல் அல்லாமல், பிறப்பிலேயே குடிமகன்.

பெண்களின் பெயரில் பிரிவைத் தேடாதீர்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் குடியுரிமை உண்டு. சிசரோவின் மகள் வெறும் துல்லியாதான்.

'அவுரேலியுஸ்' என்று கண்டால் முதலில் கல்லின் காலத்தைப் பாருங்கள். கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார். அவருடைய குலப்பெயரான அவுரேலியுஸே இலட்சக்கணக்கானோருக்கும் போனது.