வென்டிலேட்டர் வேண்டுமா? அப்பா, அம்மாவிடமே கேட்டு எழுதி வையுங்கள்

மீள வழியில்லாத கட்டத்தில் வென்டிலேட்டர், குழாய்வழி உணவு எல்லாம் வேண்டுமா என்பதைப் பெரியவர்கள் தெளிவான நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இதை எழுதி வைக்க இப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும்.

தன் சார்பில் பேச வேண்டியவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். ஒருவருக்கு மேல் போடலாம். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு, கூப்பிட்ட குரலுக்கு வரும் ஒருவரையும் சேருங்கள். குடும்ப டாக்டரிடம் ஒரு நகல் அவசியம். பீரோவுக்குள் இருக்கும் தாள் ஐசியூ வாசலில் உதவாது. மனம் மாறினால் எப்போதும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். ஆனால், இப்படி எழுதி வைத்திருந்தாலும் சிகிச்சையை நிறுத்த மருத்துவக் குழுக்களின் ஒப்புதலும் வேண்டும்.