சென்னைக்குக் கூறைச் சேலை எடுக்கப் போகும் கனடாக்காரருக்கு

முதலில் ஒரு சொல் ஒழுங்கு. இங்கே ரூபாய் என்று எழுதினால் இந்தியாவினது, ரூபா என்று எழுதினால் இலங்கையினது, டொலர் என்றால் கனடாவினது. ஆனி மாதம் சென்னையில் நின்ற நான்கு நாளும் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் இந்த ஒழுங்கு இருக்கவில்லை. ஒரு சேலையின் விலையை மூன்று பேர் மூன்று காசில் கணக்குப் போட்டு மூன்று விதமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

ஊருக்கு என்ன கொண்டுபோவது, எத்தனை கிலோ கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஊருக்குப் போய், அங்கிருந்து அடுத்த நாட்டுக்குப் போகிறவர்களுக்கு. யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவோடு நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. காலைச் சாப்பாட்டை எங்கள் ஊர் இணுவிலில் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டைச் சென்னைத் தி. நகரில் சாப்பிடலாம். இந்த நெருக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. மொழி ஒன்று, முருகன் ஒன்று, சாம்பார் மட்டும் கொஞ்சம் இனிப்பு. வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே கடைக்காரர் கார்டைத் திருப்பித் தரும்வரை வருவதில்லை.

நாங்கள் போனது மச்சாளின் மகளுடைய கல்யாணத்துக்குக் கூறை எடுக்க. மாமி, மச்சாள், மணப்பெண், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருவர், சுமை தூக்க நான். பலாலியில் விமானத்துக்குக் காத்திருக்கும்போதே மாமி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அங்கே நீ உன்னுடைய கார்டைப் போடு. யாழ்ப்பாணம் வந்தவுடன் எண்ணித் தருகிறேன்."

மறுத்திருக்க முடியுமா? 1990இல் என்னைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய காசில் பாதி மாமியின் காப்புகள். கஸ்தூரியார் வீதியில் அடகு வைத்தார். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே எழுந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அடகுச் சீட்டும் போனது, கடையும் போனது. இத்தனை ஆண்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

ஆகவே கார்டைப் போடச் சம்மதித்தேன். ஒரே ஒரு கார்டு. அது முதல் பிழை.

இரண்டாவது பிழை, ரொறன்ரோ சிம். ஊரில் இறங்கியவுடன் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு, பழையதை ஒரு கடித உறையில் போட்டு இணுவில் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். பத்திரமாக. அந்தப் பத்திரம்தான் வினையானது.

உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடை. காலை பத்தரைக்குள் கூறையும், மாப்பிள்ளை வேட்டியும், இரண்டு வீட்டுக்கும் கொடுக்க வேண்டிய சேலைகளும் எடுத்து முடித்தாயிற்று. பில் 2,14,000 ரூபாய். காசாளர் பான் எண் கேட்டார். மாமிக்கு அது சாப்பிடும் 'பாண்' என்று கேட்டது. "காலையிலே இட்டலிதான் சாப்பிட்டோம்" என்றார். இந்திய வருமான வரி எண் அது. இரண்டு இலட்சத்தைத் தாண்டிய பில்லுக்குக் கேட்பார்கள். கடவுச்சீட்டைக் காட்டிச் சமாளித்தேன். கார்டைச் செருகினார். மறுத்தது. இன்னொரு முறை. மறுத்தது. பின்னால் வரிசை நீண்டது. "சார், பேலன்ஸ் இருக்கிறதா?" என்று அந்தப் பையன் மிக மரியாதையாகக் கேட்டான். முப்பத்தைந்து ஆண்டு வெளிநாட்டில் உழைத்தவனை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அப்படிக் கேட்கக் கூடாது.

ரொறன்ரோ, கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்று ஒரு வாரத்துக்குள் ஊர் ஊராகத் தேய்த்த கார்டு திருடுபோயிருக்கும் என்று என் வங்கியின் கணினி முடிவு கட்டிவிட்டது. நான் உலாவுகிறேன் என்று அது நினைத்திருக்கலாம், நினைக்கவில்லை.

காசாகக் கட்டலாமே என்றார் மச்சாள். இதைக் கவனமாக வாசியுங்கள், தி. நகருக்குப் போகும் எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் ஒருவரிடமிருந்து ஒரு நாளில் இரண்டு இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே கடைக்காரருக்குத் தண்டம். பில்லை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி மாப்பிள்ளையின் பெரியம்மா காசாளரோடு கால்மணி நேரம் வாதாடினார். ஒரே நிகழ்ச்சிக்கு எடுத்ததைப் பிரித்தாலும் குற்றம்தான் என்று அவர் அசையவில்லை. அவர் சரி. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அது கிடக்க, எங்களிடம் இருந்த ரொக்கம்தான் என்ன? மாமியின் கைப்பை ஒரு நூதனசாலை. 2014இல் சிதம்பரம் போய்வந்த மிச்சமாகப் பழைய 500 ரூபாய்த் தாள்கள். 2016 நவம்பர் 8 இரவோடு அவை செல்லாக்காசு. அடுத்த யாத்திரையின் மிச்சம் இரண்டு 2000 ரூபாய்த் தாள்கள். 2023 மே மாதம் அவற்றையும் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள், இப்போது ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும். கடைசியாக, ஒரு பொலித்தீன் பைக்குள் மடிப்புக் கலையாத மூன்று 100 டொலர் தாள்கள்.

அவை நான் கொடுத்தவை. போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல் முதல் தடவை ஊருக்குப் போனபோது மாமியின் கையில் வைத்தேன். "அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்" என்றார். பதினைந்து ஆண்டில் அவசரமே வரவில்லையாம். மாமா நோயில் கிடந்தபோதுகூட.

தெரு மூலையில் இருந்த நாணய மாற்றுக்காரர் தாள்களைத் தடவிப் பார்த்துத் திருப்பித் தந்தார். கனடா 2011 நவம்பரில் பிளாஸ்டிக் 100 டொலருக்கு மாறிவிட்டது. பழைய கடதாசித் தாள் கனடாவுக்குள் இன்றைக்கும் செல்லும். வெளியே மாற்றுக்காரர்கள் தொடப் பயப்படுகிறார்கள். அமெரிக்க டொலரிலும் பழைய அச்சு, பேனாக் கோடு, ஓரக் கிழிசல் என்றால் இதே கதை. உங்கள் உறவுகளின் அலுமாரியில் நீங்கள் கொடுத்த பழைய தாள்கள் கிடக்கும். போகும்போது கேட்டு வாங்கிப் புதியதாக மாற்றிக் கொடுங்கள். செலவழிக்கவும் சொல்லுங்கள்.

இனி வங்கியோடு பேசிய கதை. கார்டின் முதுகில் 1-800 என்று தொடங்கும் எண்ணை நம்பாதீர்கள். அது வட அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு. வெளிநாட்டிலிருந்து அழைக்க வேறோர் எண் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்கு வெளியே, வெயிலில், ரோமிங்கில் கிடந்த இலங்கை சிம்மில் அழைத்தேன். இருபது நிமிடம் பியானோ வாசித்தார்கள். ஒரு பெண் வந்து பிறந்த தேதி கேட்டார், தாயின் கன்னிப் பெயர் கேட்டார். இணுவில் பெயரை நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் வேறொருவரின் அம்மாவை எழுதிக்கொண்டார். பிறகு, "உங்கள் ரொறன்ரோ எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறேன், வாசியுங்கள்" என்றார். அது அலுமாரியில் இருக்கிறது என்று விளக்குவதற்குள் என் சிம்மில் காசு முடிந்தது. மனைவியை எழுப்பினேன், ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. அவர் அழைத்துப் பேசினார். கணக்கு என் பெயரில் இருப்பதால் அவரோடு பேச மாட்டார்களாம்.

இதற்கிடையில் வளசரவாக்கத்தில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார். உண்டியல், அதாவது வங்கி இல்லாமல் ஆள் வழியாகக் காசு அனுப்புவது. "ரொறன்ரோவில் காசைக் கொடுக்கச் சொல், அரை மணியில் இங்கே கைக்கு வரும்." சட்டப்படி இந்தியாவில் அது குற்றம், பிடிபட்டால் விசாவோடு விளையாட்டு. ஆனால் உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. போர்க்காலத்தில் எத்தனை வீட்டு அடுப்பு உண்டியலால் எரிந்தது என்று எங்களுக்குத் தெரியும், நானும் போட்டவன்தான். இந்த முறை வேண்டாம் என்றேன். மாமியின் முகத்தில் நான் பெரிய மனிதன் ஆகிவிட்டேன் என்ற ஒரு பார்வை. நல்ல அர்த்தத்தில் இல்லை.

கடைசியில் காப்பாற்றியவன் மச்சாளின் மகன், பதினேழு வயது. இணுவில் வீட்டில் அலுமாரியைக் கவிழ்த்து, உறையைக் கண்டுபிடித்து, சிம்மைத் தன் கைபேசியில் போட்டான். நல்ல வேளை, ரோமிங்கை நான் நிறுத்தியிருக்கவில்லை. புது சிம் ஒன்று போட்டு மீண்டும் வங்கியை அழைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. இந்தியாவில் வெளிநாட்டவர் சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசா, படம் எல்லாம் கேட்டுப் பொறுமையாகத்தான் தருவார்கள். ஆகவே இலங்கை சிம்முக்கே ஊரிலிருந்து அவனை ரீலோட் போட வைத்தேன். வங்கிக்காரி அனுப்ப, அவன் வட்சப்பில் ஆறு இலக்கத்தைக் கத்த, நான் திருப்பிக் கத்த, உஸ்மான் சாலையே கேட்டது. குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்ததாம். அதையும் அவன் வாசித்தான்.

கார்டு வேலை செய்தது. பிற்பகல் மூன்றரை மணி. களைப்பில் இயந்திரம் என்ன கேட்கிறது என்று பார்க்கவில்லை. காசாளர் பையன் உதவியாக டொலர் பட்டனை அமுக்கிவிட்டான். எப்போதும் அந்த ஊர்க் காசில் கழிக்கச் சொல்லுங்கள். டொலரில் காட்டுவது வசதி போலத் தெரியும். மாற்று வீதத்தை உங்கள் வங்கி அல்ல, இயந்திரத்துக்காரர்கள் வைப்பார்கள். பிறகு கணக்குப் பார்த்தேன், 130 டொலருக்கு மேல் அதில் போயிருந்தது. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், இதே பதில். அங்கே ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 10,000 ரூபாய்தான் வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம்.

தெருவில் தேநீர் குடிக்கக்கூட அங்கே கியூ.ஆர். அட்டையைக் காட்டுகிறார்கள். கைபேசியில் காசு கட்டும் அந்த யு.பி.ஐ.யைக் கனடா எண்ணில் வைத்திருப்பதாக நண்பர்கள் சொன்னால் நம்பலாம், அவர்கள் இந்திய வங்கியில் வெளிநாட்டு இந்தியர் கணக்கு வைத்திருப்பவர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள் அந்த வகையில் சேர்வதில்லை. 2023இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று முன்பணம் ஏற்றும் பணப்பை ஒன்று தொடங்கினார்கள். கடைகளுக்குக் கட்ட மட்டும் உதவும். நான் சில்லறைத் தாளோடு சமாளித்தேன்.

இந்திய ரூபாயை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு: வெளிநாட்டவர் ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் கொண்டு செல்லலாம், அதுவும் விமான நிலையம் வழியாக மட்டும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போவோர் இதை இரண்டு தரம் வாசிக்கவும். வெளிநாட்டுத் தாள்கள் 5,000 அமெரிக்க டொலர் பெறுமதியைத் தாண்டினால் இறங்கும்போதே சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள், மிச்சத்தைத் திரும்ப மாற்ற அது வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய அன்று மாலை மாமி பாயில் உட்கார்ந்து ஏழரை இலட்சம் ரூபா எண்ணினார். 150 தாள், எல்லாம் ஐயாயிரம். சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அதை வைத்து நான் என்ன செய்வது? இலங்கை ரூபாவைக் கனடாவில் மாற்ற ஆளில்லை; ஒரு சிறு தொகைக்கு மேல் நாட்டை விட்டு எடுத்துப்போகவும் முடியாது. டொலராக மாற்றப் போனால் முன்பு டொலர் விற்ற ரசீது எங்கே என்பார்கள். இதையெல்லாம் பலாலியில் ஏறுமுன் பேசியிருக்க வேண்டும்: யார் கட்டுவது, எந்தக் காசில் திருப்புவது, எந்த நாட்டில் திருப்புவது. நான் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தேன். மறுநாள் மச்சாளின் கணக்கில் போட்டுவிட்டு மாமியிடம் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம், வேறு வழி இல்லை.

அந்த மூன்று கடதாசித் தாள்களை மட்டும் மாமி கட்டாயப்படுத்திக் கையில் தந்தார், "உன் ஊரில் மாற்றி அனுப்பு." ஸ்காபரோ வங்கியில் ஒரு நிமிட வேலை, அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வங்கி வழியாகவே மாமிக்கு அனுப்பி வைத்தேன். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. காசு கிடைத்ததாம்.

"உண்டியலில் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட வந்திருக்கும் தம்பி" என்றார்.